வெக்கை தாங்காத சின்சில்லா

சின்சில்லா ஓர் எலி. அதை வளர்ப்பவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முயலுக்குச் சொந்தம் என்பார்கள், அணிலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்பார்கள், மயிர் பட்டுப்போல இருக்கும் தொட்டுப் பாருங்கள் என்பார்கள். தொட்டுப் பார்த்திருக்கிறேன். பட்டுப்போலத்தான் இருக்கிறது. பட்டுச்சேலை கட்டிய எலி.

பிறப்பிடம் தென்னமெரிக்காவின் குளிர் மலைகள். தண்ணீரில் குளிக்காது, தூசியில் புரண்டு குளிக்கும். அந்தத் தூசியை ஜேர்மனியில் அழகான பையில் அடைத்து, பையில் எலியின் படமும் போட்டுக் கடையில் விற்கிறார்கள். நான் மன்னார்த் தீவில் பிறந்தவன். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் ஊரில் சோற்றுக்குள் மண், பாயில் மண், காதுக்குள் மண். அதைக் கூட்டித் தள்ளியே பெண்களுக்கு இடுப்பு ஒடியும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து புறப்பட்டு, கடலும் நாடுகளும் தாண்டிப் போய், கடையில் மண் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்த நாளில், தெருவில் எதிரே வந்த தமிழரைக் கண்டு மற்றப் பக்கத்துக்கு மாறிப் போனேன். மதுப் போத்தலோடு போயிருந்தால் மாறியிருக்க மாட்டேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இந்தியாவில் முகாமில் இருந்தேன், வளைகுடாவில் கட்டடத்துக்குச் சீமெந்து குழைத்தேன், மலேசியாவில் உணவுக்கடை ஒன்றில் மேசை துடைத்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஓரிடத்தில் நின்றது குறைவு. கதிரை, அலுமாரி என்று எதுவும் சொந்தமாக வாங்கியதில்லை. விட்டுவிட்டுப் போகும்போது அவற்றிடமும் விடை சொல்ல வேண்டியிருக்கும். நாய், பூனை, பூச்சட்டி ஒன்றுமில்லை. ஜேர்மனியில் ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் சட்டி கழுவத் தொடங்கி ஆறு வருடம் ஆனது எனக்கே ஆச்சரியம். காகிதங்கள் கையில் கிடைக்க அவ்வளவு காலம் எடுத்தது, வேறு காரணமில்லை.

என்னோடு சட்டி கழுவிய போலந்துக்காரன் ஊரோடு போய்விடத் தீர்மானித்தான். அவனிடம் இந்தப் பிராணி இருந்தது. அவனுடைய தாய்க்கு எலி என்றால் பயமாம், கொண்டுபோக முடியாதாம். கூட்டைத் தூக்கிக்கொண்டு கடையின் பின்கதவுக்கு வந்து ஒவ்வொருவராகக் கேட்டான். மேசை பரிமாறுகிற பெண்கள் ஐயோ எவ்வளவு அழகு என்றார்கள், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று படம் எடுத்தார்கள், ஒருத்தியும் எடுக்கவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். தலைமைச் சமையல்காரன் சிரித்தான். "அவனிடம் கொடுக்காதே, அவர்களுக்கு மிருகம் வளர்க்கத் தெரியாது, கறிவைக்கத்தான் தெரியும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். அவன் நாளெல்லாம் கன்றுக்குட்டியையும் முயலையும் வெட்டுகிறவன்.

கூட்டை வாங்கிக்கொண்டேன். அன்பு, பாசம் ஒன்றுமில்லை. வெறும் வீம்பு.

கூட்டோடு மூன்று பக்கம் கையெழுத்தில் விதிகள் வந்தன. நனைக்கக் கூடாது. இனிப்புக் கூடாது. வைக்கோல் எப்போதும் இருக்க வேண்டும். கடிக்க மரத்துண்டு வேண்டும், அதுவும் குறிப்பிட்ட மரம். பயமுறுத்தக் கூடாது, மயிரைக் கொட்டிவிடும். அறையின் வெக்கை இருபத்தைந்து பாகைக்கு மேல் ஏறக் கூடாது, ஏறினால் செத்துவிடும். இந்த வரிக்குக் கீழே மூன்று கோடு போட்டிருந்தான். பார்த்துக்கொண்டால் இருபது வருடம் இருக்குமாம். அகதி என்று என்னைப் பதிந்தபோது எனக்குத் தந்த விதிகள் இதைவிடக் குறைவு, அதில் நான் எவ்வளவு காலம் இருப்பேன் என்று யாரும் எழுதவுமில்லை.

அப்போது நான் ஒரு அண்ணையோடு வீட்டைப் பங்குபோட்டு இருந்தேன். மேல்மாடி, கூரைக்கு நேர் கீழே இரண்டு அறை. அண்ணைக்கு ஊர் பாப்பாமோட்டை, தீவுக்கு எதிரே பெருநிலத்தில். என்னைவிடப் பத்து வயது கூட. ஊரில் வயலும் எருமையும் வைத்திருந்தவர், இப்போது பொதிகள் பிரிக்கிற களஞ்சியம் ஒன்றில் வேலை. கடற்கரை ஆட்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம், நாங்கள் உழைக்கிறது இல்லையாம், கடல் தருகிறதைப் பொறுக்குகிறோமாம். வயற்காரரைக் கண்டால் எனக்கு இளக்காரம், வருடத்தில் பாதி நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற சனம். இந்த மரியாதையின் மேல்தான் எங்கள் குடித்தனம் நடந்தது.

கூட்டைக் கண்டதும் அண்ணை அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"என்னடா இது?"

"சின்சில்லா."

"வயலுக்குள்ள இதைக் கண்டா மம்பெட்டியால அடிப்பம். நீ கூடு வைச்சு, சாப்பாடு போட்டு, ஜேர்மனியில எலி வளர்க்கிறாய். கொம்மாட்ட சொன்னியோ?"

"இது எலியில்லை, அண்ணை."

"வாலைப் பார்."

வாலைப் பார்த்தேன்.

எலியும் எங்களை மதிக்கவில்லை. பகலெல்லாம் பலகைத் தட்டின் மேல் உருண்டையாக இருந்து தூங்கும். கை நீட்டினால் முகத்தைத் திருப்பும். பொழுதுபட்ட பிறகு எழும்பிச் சுவரில் கால் வைத்துக் குதிக்கும். தூசிப் பாத்திரத்தை வைத்தால் மட்டும் ஓடி வந்து, உள்ளே விழுந்து, நாலு பக்கமும் புரண்டு, என் சட்டையெல்லாம் புழுதியாக்கிவிட்டு, பிறகு என்னைத் தெரியாததுபோல இருந்துவிடும். வேலை முடிந்தால் முன்பு நான் ரயில் நிலையத்துப் பக்கம் சுற்றிவிட்டு வருவேன். இப்போது நேரே வீட்டுக்கு வந்தேன். தூசிப் பாத்திரத்தை யார் வைப்பது?

அடுத்த கோடையில் அக்காவின் மகளுக்கு முதல் நன்மை, தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். நீ வராவிட்டால் நான் இருக்கிறேன் என்று நினைக்காதே என்று அக்கா சொன்னாள். இதை எல்லாவற்றுக்கும் சொல்கிறவள்தான், ஆனாலும் புறப்பட்டேன். எலியை அண்ணையிடம் விட்டேன். போலந்துக்காரனின் மூன்று பக்கத்தையும் தமிழில் எழுதிக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டினேன். வெக்கை வரிக்குக் கீழே நானும் மூன்று கோடு போட்டேன். அண்ணை அதை வாசிக்கவில்லை. எருமை நாற்பது வளர்த்தவனுக்கு எலி வளர்க்கக் கடிதம் எழுதுகிறாயோ என்றார்.

அக்கா பேசாலைப் பக்கம் இருக்கிறாள். அத்தானுக்கு அங்கே கடற்கரையில் வாடி. படகுகள் கொண்டுவருகிற மீனை வாங்கி, பிரித்து, ஐஸ் போட்டு, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் அடைத்து, பின்னேரம் லொறியில் கொழும்புக்கு ஏற்றுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். அரைக் காற்சட்டையும் தண்ணீர்ப் போத்தலுமாகப் ஊரின் பருத்த பெருக்கமரத்தின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், தாங்கள் இருபது வருடம் குடித்த கிணற்றுத் தண்ணீரைக் கண்டு முகம் சுளிப்பார்கள், ஐயோ என்ன வெக்கை என்பார்கள். நான் அப்படி இல்லை என்று காட்டுவதற்காகக் கிணற்றுத் தண்ணீரையே குடித்து இரண்டு நாள் வயிற்றால் போனது.

முதல் நாளே பிழை விட்டேன். அங்கே தனியாக இருந்து என்ன செய்கிறாய் என்று சின்னம்மா கேட்க, போனை எடுத்து எலியின் படத்தைக் காட்டிவிட்டேன். போன் வீடு முழுக்கச் சுற்றியது.

"பெருச்சாளியெல்லோ!" என்றாள் அக்கா.

"இல்லை, அதுக்குக் காது இவ்வளவு பெரிசில்லை," என்றாள் சின்னம்மா. "தின்னுறதோ, தம்பி?"

"வளர்க்கிறது, சின்னம்மா."

"வளர்த்து?"

"வளர்த்து, வளர்த்து..." என்று சின்னம்மா மற்ற அறைக்குப் போய்ச் சொல்லிச் சிரித்தது கேட்டது. நாற்பது வயதாகியும் கலியாணம் கட்டாதவனுக்கு எலியாவது கிடைத்ததே என்று அங்கே ஒரு குரல். இதற்காகத்தான் மனிதர் பத்து மணித்தியாலம் விமானத்தில் மடங்கி இருந்து வருகிறார்கள்.

முதல் நன்மை ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, பங்குச் சுவாமி வந்து கேக்குக்கு ஆசீர்வாதம் கொடுத்துப் போய், பந்தலுக்குள் மூன்றாம் பந்தி இருந்தபோது போன் அடித்தது. எங்களுக்குப் பின்னேரம் நாலு மணி, அங்கே மத்தியானம் தாண்டிய நேரம். அண்ணை.

"எடேய், உன்ர எலி சரிஞ்சு கிடக்குது."

"சரிஞ்செண்டால்?"

"பக்கவாட்டில. வாயைத் திறந்து மூச்சு வாங்குது. காது ரெண்டும் ரத்தச் சிவப்பு. இங்க நாலு நாளாய்ச் சரியான வெக்கை. எங்கட ஊர் மாதிரி."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"எங்கட ஊர் மாதிரி எண்டுறன். அதுக்கு என்னத்தைச் சொல்லுறது? நான் நல்லா இருக்கிறன். இப்ப பரவாயில்லை, தண்ணி ஊத்தினனான்."

"என்னத்தை ஊத்தினீங்கள்?"

"தண்ணி. ஒரு வாளி. எருமைக்கு வெக்கை ஏறினா வேற என்ன செய்யிறது? ஊத்திப்போட்டு ஈரச் சாக்கும் மேல போட்டனான்."

நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று எழுத முடியாது, அன்று காலையில்தான் நன்மை எடுத்திருந்தேன். நனைக்கக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதி ஒட்டினேனே என்றேன்.

"ஒட்டினாய்தான். உன்ர எழுத்தை ஆர் வாசிக்கிறது? எட்டாம் வகுப்பு எழுத்து."

பந்தலில் கதை நின்றுவிட்டது. அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். "ஆரடா? ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்ல. எலிக்குக் கடுமை."

மூன்றாம் பந்தி முழுவதும் சிரித்தது. இலையில் கை வைத்தபடி, தோள் குலுங்க, கண்ணீர் வரச் சிரித்தார்கள். ஒரு கிழவர் அந்தோனியாருக்கு நேர்ந்துவிடு என்றார். அந்தோனியார் காணாமற்போன சாமானுக்கு, எலிக்கு யாரென்று சுவாமியைத்தான் கேட்க வேண்டும் என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். என் சொந்தச் சனம். இவர்களுக்கு இரண்டு பயணப்பெட்டி நிறையச் சொக்லேற் சுமந்து வந்திருந்தேன்.

சிரிக்காதவர் அத்தான் ஒருவர்தான். அவர் என்மேல் இரக்கப்பட்டார் என்று நினைக்க வேண்டாம். கெட்டுப்போகிற சரக்கு எங்கே என்றாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. சாப்பாட்டைப் பாதியில் விட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஈரம் தாங்குமோ, தாங்காதோ?"

"தாங்காது, அத்தான். மயிர் தடிப்பு. நனைஞ்சா உள்ளுக்குள்ள காயாது."

"அப்ப உயிர் நண்டு மாதிரி இல்லை. நண்டுக்கெண்டா ஈரச்சாக்குச் சரி. இது மீன் கணக்கு. தா போனை."

போனை வாங்கி, எல்லாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணை, நான் இவன்ர அத்தான். பேசாலையில வாடி வைச்சிருக்கிறன். முதல்ல அந்தச் சாக்கைத் தூக்கி எறியுங்கோ."

"வெக்கைக்கு ஈரம் நல்லம் தம்பி."

"உங்கட எருமைக்கு நல்லம். நாங்கள் மீன் பெட்டிக்கு அடியில ஓட்டை போடுறது ஏன் தெரியுமோ? குளிர் நிக்கோணும், உருகின தண்ணி நிக்கக் கூடாது. காய்ஞ்ச துவாய் எடுங்கோ. ஒத்துங்கோ, தேய்க்காதேங்கோ. ஒத்திறீங்களோ?"

"ஒத்திறன்."

"பிறீசருக்குள்ள என்ன கிடக்கு?"

அண்ணை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆட்டிறைச்சி. ரெண்டு பாரை. முருங்கைக்காய்."

"மீன் வேண்டாம், மணக்கும். முருங்கைக்காயை எடுங்கோ. பையோட துணியில சுத்தி, பக்கத்தில வையுங்கோ. துணி நனைஞ்சா மாத்துங்கோ. தம்பி, அங்க வீட்டுக்குக் கீழ குளிரான இடம் ஏதும் இருக்கோ?" கடைசிக் கேள்வி எனக்கு.

இருந்தது. அங்கே எல்லா வீட்டுக்கும் நிலத்துக்குக் கீழே அறை உண்டு. கல் சுவர், மரச்சட்டம் அடித்து ஆளுக்கொரு தடுப்பு. எங்கள் தடுப்பில் அரிசி மூட்டையும் உருளைக்கிழங்கும் பழைய சைக்கிளும் இருந்தன. ஆவணி மாதத்திலும் அங்கே போனால் மேல் சில்லிடும். சொன்னேன்.

"அண்ணை, கூட்டைத் தூக்கிக்கொண்டு கீழ போங்கோ," என்றார் அத்தான்.

மறுபக்கத்தில் கூட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அண்ணை?"

"நான் கீழ போறேல்ல."

அதுவும் உண்மைதான். ஆறு வருடத்தில் அண்ணை ஒருநாளும் அந்த அறைக்குப் போனதில்லை. அரிசி முடிந்தால் நான்தான் போவேன், கிழங்கு முடிந்தாலும் நான்தான். நாலு மாடி இறங்கி ஏறுவது வயற்காரருக்குப் பஞ்சி, உடம்பு வளையாது என்று வைத்திருந்தேன். வந்து போகிற ஆட்களுக்கு முன்னாலும் சொல்லியிருக்கிறேன், எருமையில் ஏறித் திரிந்தவருக்குப் படி ஏறத் தெரியாது என்று. அவர் ஒன்றும் சொன்னதில்லை. இரண்டு கிழமை சோறு இல்லாமல் பாண் தின்றாரே தவிர, நான் காய்ச்சலில் கிடந்தபோதும் கீழே போய் அரிசி எடுத்து வரவில்லை.

"அண்ணைக்கு எந்தப் பக்கம்?" என்று அத்தான் கேட்டார். குரல் மாறியிருந்தது.

"பாப்பாமோட்டை."

"அங்கயிருந்து எங்க போனனீங்கள்?"

"பெரியமடு. பிறகு கிழக்க. பிறகும் கிழக்க."

"செல்லுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினனீங்களோ?"

"போன இடமெல்லாம் வெட்டினது."

"மண் மூடினதோ?"

"ஒண்டு மூடினது."

அத்தான் அதற்கு மேல் கேட்கவில்லை. யார் உள்ளே இருந்தது, எத்தனை பேர், எவ்வளவு நேரம், ஒன்றும் கேட்கவில்லை. பந்தலில் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்டை நடந்த அந்த வருடங்களில் நான் இந்தியாவில் முகாமில் இருந்தேன், என் தலைக்கு மேலே ஓடு இருந்தது. ஆறு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவன் கேட்காததை, மீன் முதலாளி மூன்று கேள்வியில் கேட்டுவிட்டார்.

"அண்ணை, நீங்கள் போகத்தான் வேணுமெண்டு நான் சொல்லேல்ல," என்றார் அத்தான். "பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கோ."

"விடுமுறை. ஒருத்தரும் இல்லை. இருந்தாலும் என்ர பாஷை அவையளுக்கு விளங்காது."

"மேலயே வைச்சிருந்தா அது பொழுதுபடுகிறதுக்குள்ள முடிஞ்சிடும். அதையும் சொல்லோணும் நான்."

"எலி தானே," என்றார் அண்ணை.

"ஓம். எலி தான்."

போன் கட்டானது. அவர் வைத்தாரா, தானாக அறுந்ததா தெரியவில்லை. திரும்ப எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை எடுக்க, அந்தச் சத்தமும் இல்லை.

சிரித்த சனம் இப்போது ஆறுதல் சொல்ல வந்தது. அது சிரிப்பைவிட மோசம். சின்னம்மா என் முதுகைத் தடவினாள். வேறொன்று வாங்கலாம், கடையில் இருக்கும்தானே என்றார் அந்தோனியாரைச் சொன்ன கிழவர். நன்மைக்கு உடுத்த வெள்ளைச் சட்டையோடு இருந்த பிள்ளை, மாமா அழுகிறாரா என்று தாயைக் கேட்டது. நான் அழவில்லை. நாற்பது வயதில் முதல்முதலாகப் பொறுப்பெடுத்த ஒரே உயிரை, வாசிக்கமாட்டார் என்று தெரிந்த மனிதரிடம் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிய மடையனை நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை அதற்குப் போதாது.

லொறி ஏற்றுகிற நேரம் என்று அத்தான் வாடிக்குப் புறப்பட்டார். வீட்டில் இருக்க முடியாமல் நானும் அவருடைய மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டேன். சோளகம் மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. வாடிக்கு வெளியே நாலைந்து கழுதைகள் நின்று கிழிந்த மட்டைப்பெட்டி தின்றன. அந்த வெயிலில், நிழலுக்குக்கூட ஒதுங்காமல். அவற்றை யாரும் வளர்க்கவில்லை, அவற்றுக்காக யாரும் கோடு போட்டு விதி எழுதவில்லை, ஊர் நிறைய நிற்கின்றன. நான் ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் இருந்து, போனைப் பார்ப்பதும் மடியில் வைப்பதுமாக இருந்தேன். தொழிலாளர்கள் பெட்டிகளைச் சரித்துத் தண்ணீர் வடித்து மூடினார்கள். அத்தான் வழக்கமாக ஏசுகிற ஏச்சுக்களை ஏசினார். இரண்டு தரம் என் பக்கம் திரும்பி, என்னவாம் என்று நாடியை உயர்த்தினார். இரண்டு தரமும் தலையை ஆட்டினேன், இல்லை.

ஒரு மணித்தியாலம் போனது. இன்னொன்றும் போனது. அந்த அளவு நேரத்துக்குள் ஒரு சின்சில்லா தப்பும் அல்லது சாகும் என்று எனக்குத் தெரியும். அதைவிட எனக்குக் கடினமாக இருந்தது வேறு. அது மேலேயே செத்துக் கிடந்தால் அண்ணை எனக்கு எப்படிச் சொல்லுவார், நான் திரும்பிப் போய் அவரோடு எப்படி ஒரு மேசையில் சாப்பிடுவேன் என்பது. ஒரு எலிக்காக இந்த மனிதரை அந்தக் குழிக்குள் இறங்கச் சொன்னோம். நாங்கள் கேட்டிருக்கவே கூடாது. கேட்காமலும் இருந்திருக்க முடியாது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வட்ஸ்அப்பில் குரல் செய்தி ஒன்று விழுந்தது. அத்தான் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். போட்டேன்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது, படி ஏறி வந்தவரின் மூச்சு. பிறகு அண்ணை:

"எடேய். கீழ போன் எடுபடாது. அதால வாசல் வரைக்கும் ஏறி வந்து கதைக்கிறன். உன்ர எலி எழும்பி இருக்குது. வைக்கோல் தின்னுது. முருங்கைக்காய்ப் பையைக் கடிச்சுக் கிழிச்சுப் போட்டுது, அந்த முருங்கைக்காய் இனிச் சமைக்க ஏலாது, சொல்லிப்போட்டன். அங்க லைட் தானா நூருது. பொத்தானை அமத்தி அமத்தி இருக்கவேண்டிக் கிடக்கு. ஆர் இப்பிடிக் கட்டினவன்? சரி, நான் போறன். அது கீழ தனிய இருக்குது."

அவ்வளவுதான். அத்தான் இன்னொரு தரம் போடு என்றார். போட்டேன். கடைசி வரியில் தலையை ஆட்டிவிட்டு, லொறிக்காரரைப் பார்த்துக் கதவைச் சாத்து, என்னத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று கத்தினார்.

வெக்கை பிறகும் நாலு நாள் நின்றது. அண்ணை வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு கதிரையைக் கீழே இறக்கிப் பகலெல்லாம் அரிசி மூட்டைக்கும் சைக்கிளுக்கும் நடுவில் இருந்தார். தடுப்புக் கதவையும் படிக்கட்டுக் கதவையும் திறந்தே வைத்திருந்தார். காற்று வந்து அறை சூடாகும் என்று விடுமுறையால் திரும்பிய கீழ்வீட்டுப் பெண் சண்டைக்கு வந்திருக்கிறாள். அண்ணை அவளுக்குத் தமிழில் பதில் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பிறகு அந்தப் பெண்ணே முறைப்பாடாக என்னிடம் சொன்னது.

நான் திரும்பிப் போனபோது எலியின் ஒரு பக்கத்தில் மயிர் கொட்டி, தோல் தெரிந்தது. வாளித் தண்ணீரின் வேலை. முன்பாவது பட்டு உடுத்த எலியாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கை நீட்டினேன், முகத்தைத் திருப்பியது. அண்ணை நீட்டினார், விரலை மணந்து பார்த்துவிட்டுக் கைக்கு ஏறியது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அரிசி முடிந்திருந்தது. வழக்கம்போல நான் சாவியை எடுத்தேன்.

"வை அங்க," என்றார் அண்ணை.

சாவியைப் பறித்து, எலியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். இப்போது எப்போதும் அவர்தான் போகிறார். எலி இல்லாமல் போவதில்லை. தூங்கினாலும் எழுப்பிக்கொண்டு போகிறார். பகலில் எழுப்பக் கூடாது என்று விதி இருக்கிறது, சொல்லிப் பார்த்தேன். உன் விதியை உன் அத்தானுக்கு அனுப்பு என்றார். ஐந்து கிலோ அரிசி எடுக்க மொட்டை எலி ஒன்றைத் துணைக்குக் கூட்டிப்போகிற ஐம்பது வயது மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பின்னாலேயே இறங்கி, கீழறைப் படிக்கட்டின் கதவடியில் நின்று கேட்பேன். படியில் இறங்க இறங்க, ஊரில் மோட்டைக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றால் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அதற்குச் சொல்லிக்கொண்டே போவார். கீழே போனதும் குரல் கொஞ்சம் உயரும். பொத்தானை அமத்துகிற சத்தம் கேட்கும். பிறகு மூட்டை அவிழ்க்கிற சத்தம்.